பாற்கடலும் ஒரு பூசையும்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது கம்பரின் அவையடக்கம் பற்றிய கட்டுரை. எழுதத்தான் அமர்ந்தேன். இராமகாதையைப் பாடத் துணிந்த தம்மை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனைக்குக் கம்பர் ஒப்பிடும் இடம் வந்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. பதினேழு ஆண்டுகளாக வகுப்பில் அப்பாடலை நடத்தியிருக்கிறேன். ஒவ்வோராண்டும் மாணவியர் சிரித்திருக்கின்றனர். நானும் உடன் சிரித்திருக்கிறேன். அன்று அடுக்களை மூலையில் என் பூனை தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்டது. குடித்துக்கொண்டே இருந்தது. கம்பரை மற்றொரு மலருக்கு ஒத்திவைத்துவிட்டு இதனை எழுதுகிறேன். குழுவினர் பொறுத்தருள்க.

எங்கள் வீடு பெரிய முதலியார்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடையே உள்ளது. தெற்கே புதுச்சேரி, அதே சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மூன்றாம் நாள், கொல்லையில் சாய்ந்து கிடந்த முருங்கையின் அடியிலிருந்து ஈனக்குரல் ஒன்று எழுந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறக் குட்டி. தாயைக் காணவில்லை. "ரப்பு அனுப்புனது. வெரட்டாதே" என்றார் உம்மா.

தொல்காப்பியர் மரபியலில், வெருகினைப் பூசை என வழங்குவதும் உலக வழக்கே, அதனை விலக்கலாகாது என்கிறார். அந்த உரிமையில் குட்டிக்குப் 'பூசை' என்று பெயரிட்டேன். மீன் கொண்டுவரும் அண்டைவீட்டுப் பெண்மணியோ அதனைப் 'பூஜா' என்றே கொண்டார். "பாய் வீட்டுல பூஜான்னு பேரு வெச்சிருக்காங்க" என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். நான் திருத்த முயன்று தோற்றேன்.

நான் சிறுமியாயிருந்தபோது உம்மா அடிக்கடி சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, வெளியே சென்று பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்னவும் விடவில்லை. அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மீலாது விழா மேடைகளில் இதனை நானே பலமுறை பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்கலங்கியதும் உண்டு.

2023 ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் பணிக்காக மூன்று நாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. உம்மா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. வீட்டில் வேறு எவரும் இல்லை. தெருவில் நாய்கள் மிகுந்திருந்தமையால் பூசையை வீட்டினுள் வைத்துப் பூட்டினேன். தட்டு நிறைய மீன்சோறு, கிண்ணம் நிறையத் தண்ணீர். போதும் என்று எண்ணினேன். அதற்கு முந்தைய சில மாதங்களாக அது வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடித்துவந்ததைக் கண்டும், வெயில் காலம், நல்லதுதானே என்று இருந்துவிட்டவள் நான்.

மூன்றாம் நாள் இரவு கதவைத் திறந்தபோது வாசலுக்கு அது வரவில்லை. சோறு தொடப்படாமல் புளித்துக் கிடந்தது. கிண்ணம் காய்ந்திருந்தது. பூசை குளியலறையில், சொட்டு நின்றுபோன குழாயின் கீழ்த் தரையில் வாய் வைத்துக் கிடந்தது. எங்கே கற்றேனோ, எந்த மேடையில் முழங்கினேனோ, அந்தச் செய்தியின் ஒவ்வொரு சொல்லும் அப்போது என் முன்னே வந்து நின்றது.

மறுநாள் காலை, புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூடையில் வைத்துக் கொண்டுசென்றேன். குருதிச் சோதனையில் கிரியேட்டினின் 3.4 என வந்தது. பூனைக்கு அது ஏறத்தாழ 1.6க்குள் இருக்க வேண்டுமாம். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. வயது முதிர்ந்த பூனைகளுக்குப் பரவலாக வரும் நோய். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போனபிறகே அறிகுறிகள் வெளித்தெரியும். இழந்த பகுதி மீளாது. "நான் மூன்று நாள் அடைத்து வைத்ததாலா?" என்று கேட்டேன். மருத்துவர் இளைஞர், ஆயினும் பொய் சொல்லிச் சமாதானப்படுத்தாதவர். "நோய் அதனால் வரலீங்க, அது பல மாசமா இருக்கு. ஆனா அந்த மூணு நாள் அதுக்கு நல்லதும் செய்யல" என்றார். அந்த விடையை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நலமான பூனையின் சிறுநீரகம் வியப்புக்குரியது. பாலைநிலப் பூனையினத்தின் வழிவந்ததாதலால், நீரைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு கழிவை மட்டும் செறிவாக வெளியேற்ற வல்லது. நீரிழந்த பூனைகள் கடல்நீரைக் குடித்தே தேறுகின்றன என்று 1959இல் அமெரிக்க உடலியல் இதழொன்றில் ஆய்வு வெளிவந்துள்ளது. மனிதனால் ஆகாத காரியம்! கடலைக் குடிக்கப் புகுந்த கம்பரின் பூனை அத்தனை பேதையன்று என்று படித்த அன்று தோன்றியது. நோயுற்ற சிறுநீரகத்திற்கோ நீரை நிறுத்திவைக்கும் ஆற்றல் போய்விடுகிறது. குடிப்பதெல்லாம் வழிந்து போகிறது, மீண்டும் தாகம், மீண்டும் கிண்ணம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லி ரிங்கர் லாக்டேட் திரவத்தைத் தோலுக்கடியில் ஏற்ற வேண்டும். மருத்துவர் இருமுறை செய்துகாட்டி மூன்றாம் முறை ஊசியை என் கையில் கொடுத்தார். தோள்பட்டைகளுக்கிடையே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். பிஸ்மி சொல்லிக் குத்தினேன். ஊசி மறுபுறம் வெளிவந்து என் விரலில் ஏறியது. இரண்டு வாரத்தில் கை பழகிற்று. திரவப் புட்டியை வெந்நீரில் சற்று நேரம் வைத்து, உடற்சூட்டிற்குக் கொண்டுவந்து ஏற்றினால் அது முரண்டு பிடிப்பதில்லை. முதுகில் சிறு திமில்போல் எழும் நீர், மெல்ல முன்னங்காலுக்கு இறங்கிச் சில மணி நேரத்தில் மறைந்துவிடும்.

உணவுதான் பெரும்பாடு. கருவாடு அறவே கூடாது. உப்பும் பாஸ்பரசும் குறைய வேண்டும். அண்டைவீட்டுப் பெண்மணியிடம் சொன்னேன். "உப்பு ஆவாதுன்னா இந்தக் கரையில அது எதத் தின்னு பொழைக்கும் டீச்சரம்மா?" என்றார். கேள்வி நியாயமானதே. புட்டியில் இருக்கும் திரவத்திலும் உப்புத்தான் இருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் முதல் முள் நீக்கிய மீன் துண்டு ஒன்றைத் தனியே எடுத்துவந்தார். காசு வாங்க மறுத்தார்.

துறையில் நண்பர் ஒருவர், மனிதர்க்கே டயாலிசிஸ் செய்யப் பணமின்றி மடிகிற நாட்டில் பூனைக்கு இது தேவையா என்று கேட்டார். விடை சொல்ல முயன்றேன். என் செவிக்கே அது சொற்பொழிவுபோல் ஒலித்தது. நிறுத்திக்கொண்டேன். உம்மாவின் இறுதி மாதங்களில் அவருக்கு நான் செய்யத் தவறியவை அவருக்குத் தெரியாது.

ஆடைமேல் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபிகளார் தம் சட்டைக்கையை வெட்டிக்கொண்ட கதையைப் பலர் எனக்கு ஆறுதலாகச் சொல்கின்றனர். அழகிய கதை, ஆனால் பழைய நபிமொழித் தொகுப்புகளில் இல்லை. எனக்கு அபூகதாதா (ரலி) அவர்கள் பற்றிய செய்தியே போதும். அவர்கள் உளூச் செய்ய வைத்த நீரைப் பூனையொன்று நாடி வர, அது குடிக்க வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியந்து பார்க்க, பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். சுற்றி வருவோர் தங்கிச் செல்லும் இடத்திற்குத்தானே சாவடி என்று பெயர். இந்தக் கரைக்கு இது புதிதுமன்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் உப்பு வாணிகரான உமணர் மந்தியொன்றைத் தம் மக்களுள் ஒன்றாக உடன் அழைத்து வருகின்றனர். அது உமட்டியரின் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்பர்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. ஒருநாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. மின்சாரம் இல்லை; அடுப்படி வரை நீர். அன்று ஊசி முறைநாள். மேசைமேல் பூசையைக் கிடத்தி, புட்டியைச் சன்னல் கம்பியில் கட்டி, பற்களிடையே டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஏற்றினேன். சூடாக்க வழியில்லாததால் புட்டியை ஒருமணி நேரம் என் மடியில் அணைத்து வைத்திருந்தேன். ஊசி இறங்கியபோது அது திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வியது, கடிக்கவில்லை.

வெள்ளிதோறும் எடை பார்க்கிறோம். மீன்தராசில்தான். தட்டில் ஒரு பழந்துணியை விரித்து அந்தப் பெண்மணியே தூக்கி வைப்பார். மூன்று கிலோவுக்குச் சற்று மேலிருந்தது, இந்த ஆண்டில் இரண்டே முக்காலுக்கு இறங்கிவிட்டது. சென்ற வெள்ளி முள் அசைந்து நின்றதும் குனிந்து பார்த்தார். "அம்பது கிராம் கூட இருக்குது டீச்சரம்மா" என்றார். துணியின் எடையைக் கழித்தாரா என்று நான் கேட்கவில்லை.