எந்த லாங்வேஜ் மச்சி?

மூணு பேர் சேர்ந்து ஸ்டார்ட்-அப் ஆரம்பிச்சா, முதல் சண்டை கம்பெனிக்குப் பேர் வைக்கிறதுல வராது பாஸ்... பேக்-எண்டை எந்த லாங்வேஜ்ல எழுதறதுங்கிறதுல வரும்! எங்க டீம்ல ஒருத்தன் 'கோ'ங்கிறான். இன்னொருத்தன் ரஸ்ட் தவிர எதையும் தொட மாட்டானாம். நான் பைத்தான், ஜாங்கோ கட்சி. காரணம் சிம்பிள். மூணு பேருக்குமே தெரிஞ்சது அது ஒண்ணுதான்.

'பைத்தான் ஸ்லோடா. பத்து லட்சம் பேர் வந்தா படுத்துடும்'னு பயமுறுத்தறாங்க. வரட்டுமே! இன்ஸ்டாகிராம் 2010-ல ஜாங்கோவை வெச்சுதான் வந்துச்சு. 2012 ஏப்ரல்ல ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சப்போ, கம்பெனியில மொத்தமே 13 பேர். யூஸர்கள் சுமார் 3 கோடி! சாதாரண வெப் ஆப்ல பெரும்பாலும் நேரம் போறது டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கறதுலதான். பெரிய டேபிளுக்கு இண்டெக்ஸ் போடாம விட்டா, ரஸ்ட்ல எழுதினாலும் நொண்டத்தான் செய்யும்.

எதிர்க்கட்சிக்கும் பாயின்ட் இருக்கு. ட்விட்டர் (இப்போ எக்ஸ்) 2006-ல ரூபி ஆன் ரெயில்ஸ்ல ஆரம்பிச்சு, கூட்டம் தாங்காம திமிங்கலம் படம் போட்டு ஸாரி கேட்டுச்சு. அப்புறம் ஸ்காலா, ஜாவானு கொஞ்சம் கொஞ்சமா மாத்தினாங்க. மாத்தி எழுதற அளவுக்குக் கூட்டம் வந்துச்சேன்னு எனக்கு அதுலயும் பொறாமைதான்!

என்னை நிஜமா யோசிக்க வெச்சது வாட்ஸ்அப். அவங்க எடுத்தது எர்லாங். எரிக்சன் கம்பெனியில டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக 1980-கள்ல உருவான லாங்வேஜ். ஒரே நேரத்துல ஏகப்பட்ட கால்கள் ஓடணும், ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு அறுபடக் கூடாது. யோசிச்சுப் பாருங்க, சாட்டும் கிட்டத்தட்ட அதே வேலைதானே? 2012-லயே ஒரே சர்வர்ல 20 லட்சம் கனெக்‌ஷனைத் தாங்கிக் காட்டினாங்க. ஃபேஷன் பார்க்கலை, வேலையைப் பார்த்திருக்காங்க.

நம்ம வேலை என்ன? ஹாஸ்டல் மெஸ்ல நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு முந்தின நாள் நைட்டே கணக்கு சொல்ற ஆப். சோறு வீணாகாது. மொத்தம் 400 பேர். ராத்திரி 9 மணிக்குள்ள ஆளுக்கு ஒரு டிக். இதுக்கு ராக்கெட் எதுக்கு?

விளையாட்டுப் பேச்சு இல்லைங்க இது. எங்கள்ல ஒருத்தன் கேம்பஸ்ல கிடைச்ச வேலையை வேணாம்னுட்டு வந்திருக்கான். வீட்டுல ஜூன் வரைக்கும்தான் டைம். அவங்கப்பாகிட்ட போய், 'லாங்வேஜ் சூப்பர்ப்பா, ஆப்தான் இன்னும் வரலை'னு சொல்ல முடியுமா?

அதனால ஒரு டீல் போட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள யார் லாங்வேஜ்ல லாகினும் டிக் பண்ற பக்கமும் ஓடுதோ, அதுதான் ஃபைனல். இன்னிக்கு வெள்ளி. என்னுது ஓடுது. 'கோ' பார்ட்டி பக்கத்துல வந்துட்டான். ரஸ்ட் பார்ட்டி கம்பைலர்கிட்ட திட்டு வாங்கிட்டு இருக்கான்!