ஓரிக்கைக் குறிப்புகள்: தறிக்குழியும் நாற்காலியும்

ஐப்பசி 4, திங்கள்

மழை விடாததால் தெருவில் பாவு விரிக்கும் வேலை நின்றுபோயிருக்க, ஜக்கார்டு தறிக்கு வடிவம் வரையும் மேசை வேலை மட்டும் தடையின்றி நடக்கிறது. முந்தானைக்கும் கரைக்கும் வேண்டிய உருக்களைக் கணினித் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பி, எந்தப் பாவிழை எப்போது எழ வேண்டும் என்பதை அக்கட்டங்களால் குறித்து, பின்னர் அட்டையில் துளையிடக் கொடுப்பதே அந்த வேலை. மயிலின் கழுத்து வளைவு ஒன்றைத் திருத்தி முடிப்பதற்குள் வரைபவரின் தலை ஒரு சாண் முன்னே போய்விடுகிறது, இடுப்பு நாற்காலியின் விளிம்புக்கு நழுவிவிடுகிறது. இரண்டும் அவருக்குத் தெரிவதில்லை. மாலையில் எழும்போது கை தானாக இடுப்பைப் பிடிக்கிறது.

ஐப்பசி 5, செவ்வாய்

கடைசி விலா எலும்புக்கும் பிட்டத்தின் மடிப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் உண்டாவதையே மருத்துவம் கீழ்முதுகு வலி என்கிறது. எலும்பையோ நரம்பையோ சுட்டிக் காரணம் சொல்ல முடியாத வலியே இதில் பெரும்பங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020இல் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்தவர்கள் சுமார் 61.9 கோடிப் பேர். தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடியான இத்தாலியர் ராமாட்சினி 1713இல் தொழில்நோய்கள் பற்றிய தம் நூலை விரித்தெழுதியபோது, எழுத்தர்களையும் நெசவாளர்களையும் சேர்த்துக்கொண்டார். காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை போன்ற நெசவு ஊரில் அவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது புதிதல்ல.

ஐப்பசி 7, வியாழன்

உட்கார்வதே முதுகுக்குப் பகை என்ற பேச்சின் வேர் சுவீடனில் இருக்கிறது. நாக்கெம்சன் என்ற எலும்பியல் அறிஞர் 1960களில், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, சாய்மானமின்றி உட்காரும்போது அது நிற்பதைவிட மிகுதி என்று கண்டார். 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரே ஒரு தன்னார்வலரின் வட்டில் உணரியைப் பொருத்தி அளந்தபோதோ, தளர்ந்து உட்கார்ந்த நிலையின் அழுத்தம் நிற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. குனிந்து நின்றபோதுதான் அது இரு மடங்கைத் தாண்டியது. ஆகவே குற்றத்தை நாற்காலியின் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் போதாது, விலையுயர்ந்த நாற்காலிகளின் விளம்பரங்கள் என்ன சொன்னாலும். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதன் மீதுதான் ஐயம் கொள்ள இடமிருக்கிறது.

ஐப்பசி 8, வெள்ளி

குழித்தறிக்காரர் தரைமட்டப் பலகையில், சாய்மானமின்றி, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு அமர்கிறார். உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை முறையில் முன்னே குனிந்தே ஆகவேண்டும் என்பதால் அவருக்கும் முதுகுவலி உண்டு. தறியைப் போற்றிப் பாடுவதில் பயனில்லை. ஆனால் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. பாவிழை அறுந்தால் அவர் எழுந்து தறியின் பின்புறம் போய் முடிபோட்டுத் திரும்ப வேண்டும். கணினியில் எந்த இழையும் அறுவதில்லை. அங்கே எழுவதற்கான காரணத்தை வரைபவர்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும், தண்ணீர்ச் செம்பை எட்டாத இடத்தில் வைத்தாவது, தொலைபேசியை நின்றுகொண்டு பேசியாவது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்து மெல்லப் பின்னே சாய்ந்து நிமிர்வது பலருக்கு இறுக்கத்தைத் தளர்த்துகிறது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருப்பதும், பாதம் தரையில் பதிவதும், சுருட்டிய துண்டு ஒன்று இடுப்பு வளைவைத் தாங்குவதும் துணை செய்யும். வரைபடத்தாளில் வேலை செய்வோருக்குப் பழைய கணக்குப்பிள்ளைகளின் சாய்வு மேசை இன்றும் ஏற்றது.

ஐப்பசி 10, ஞாயிறு

மழை வெறித்ததும் ஊரிலுள்ள காஞ்சி மகாசுவாமிகள் மணிமண்டபத்தின் பக்கம் நடப்பவர்களில் இடுப்புப் பட்டை கட்டியவர்களும் தென்படுகிறார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது, பட்டையை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. எனவே அவர்களுடைய நடை பட்டையைவிட மேலான மருந்து. நாட்கணக்கில் படுத்திருப்பதும் உதவாது. எனினும் கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, விழுந்தபின் அல்லது காய்ச்சலுடன் வலி வந்தாலோ, நாற்காலியையும் துண்டையும் சரிசெய்துகொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.