கிணத்துக்குக் கீழே கடல்

யாழ்ப்பாணத்தான் கல்லிலும் பயிர் விளைவிப்பான் எண்டு எங்கட ஊரில ஒரு பெருமை இருக்கு. பாதி உண்மை. மற்றப் பாதி அந்தக் கல்லுக்குள்ள இருக்கிற தண்ணி.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழைதான் எங்கள் முதல். அது வலிகாமத்துச் செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் போய்ச் சேருகிறது. அடியில் கடல்தண்ணி, அதன்மேல் பாரம் குறைந்த நன்னீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் என்னாகும் எண்டு நீங்களே போட்டுப் பாருங்கோ. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு.

துலா இருந்த காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் தண்ணி மாறுவார். ஆக்கள் களைக்க, கிணறும் கொஞ்சம் ஆறும். பிறகு மெசின் வந்தது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. கல்வீடுகள் எழும்பின. மெசினுக்குக் களைப்பில்லை.

செம்மண் தண்ணியை வேகமாய்க் கீழே விடும். யூரியாவையும் அப்படியே விடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலசலகூடக் குழிகளுக்கும் இதில் பங்குண்டு. கொதிக்க வைச்சாலும் நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசன் காவுவதை அது தடுக்கும்.

"உந்தத் தண்ணி குடிச்சுத்தான் நாங்கள் வளந்தனாங்கள்" எண்டு எங்கட அப்புமார் சொல்லுவினம். அவை குடிச்சது வேற தண்ணி எண்டு எப்பிடிச் சொல்லுறது? உரத்தைக் குறையுங்கோ எண்டு சொல்லவும் வாய் வருகுதில்லை. எங்கட ரியூசன் காசு அந்த வெங்காயத்தில வந்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, அதே வருடம் நவம்பரில் அரசு பின்வாங்கியதையும் பார்த்தோம். கட்டளை போட்டு மண்ணைத் திருத்த ஏலாது.

ஆனால் செய்யக் கூடியது இருக்கு. வெங்காயம் கிண்டின பாத்தியில் ஒரு போகம் பயறு போடலாம். மாட்டெருவோடு பூவரசங் குழையும் தாழ்க்கலாம். யூரியாவைச் சிறுகச் சிறுகப் பிரித்துப் போடலாம். மாரித் தண்ணி கடலுக்கு ஓடாமல் நின்று இறங்க ஊர்க் குளங்களைத் தூர்வாரலாம், குளத்துக்குப் போகும் வாய்க்காலை மதில் கட்டி மறிக்காமல் விடலாம்.

எல்லைவேலிக்காக வழக்குப் பேசுகிற ஊர் எங்கட. வேலிக்கு மேலதான் உங்கட காணி, எங்கட காணி. கீழே தண்ணி ஒண்டுதான். மாரி தொடங்க முதல் உங்கட ஊர்க் குளத்தை ஒருக்காப் போய்ப் பாருங்கோ.