இருவரை விட்டுவிட்டு வாருங்கள்

பழைய லக்கல பல்லேகம நகர் களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் மறைந்துவிட்டது. 2018இல் அதற்கு ஈடாக எழுந்த புதிய நகரை அடுத்த பாடசாலையொன்றில், சிங்கள மாணவர்க்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்து வருகிறேன். தமிழ் பயின்று பட்டம் பெற்றவனுக்கு உதைபந்தாட்டத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அணிக்குப் பொறுப்பேற்க வேறு ஆசிரியர் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டுப் போட்டியில் எங்கள் அணி ஓராட்டத்திலும் தோற்கவில்லை. வென்ற கோப்பை ஆசிரியர் அறை அலுமாரியில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் கோப்பையே பெறாத வேறோர் அணியின் நினைவு வந்து என் நெஞ்சை உறுத்துகிறது.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951ஆம் ஆண்டு அணி அது. அவர்கள் உதைபந்தாட்டம் என்பது நம்முடையதன்று; பந்தைக் கையிலேந்தி ஓடும் முரட்டு ஆட்டம். ஜோ குஹாரிச் பயிற்றுவித்த அவ்வணி ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதிலும் வென்றது. பருவ முடிவில் தெற்கு மாநிலங்களில் நடைபெறும் பெரும் பந்தயத்துக்கு அழைப்பு வரவேண்டியதுதான் மிச்சம். அந்த அழைப்புக்கு ஒரு விலை வைத்தார்கள். அணியில் ஒல்லி மாட்சன், பேர்ல் டோலர் என்னும் கறுப்பின இளைஞர் இருவர் இருந்தனர். அவ்விருவரையும் விட்டுவிட்டு வருவதானால் வரலாம்! வெள்ளை இளைஞர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். அப்பந்தயம் தரக்கூடிய பணம் பல்கலைக்கழகத்துக்குப் பெரிதும் வேண்டியிருந்தது. அழைப்பு வரவில்லை; பணமுடையால் அப்பருவத்தோடு அணியும் கலைக்கப்பட்டது. மாட்சன் மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி இரு பதக்கங்கள் பெற்றார். முழங்காற் காயத்தால் ஆட்டத்தை இழந்த டோலரோ ஆசிரியரானார், பின்னர் அதிபருமானார். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு நெருக்கமானவர் அவரே.

இனி என் கதை. எங்கள் அணியில் ஒரே தமிழ்ச் சிறுவன். இடப்புறத்தில் மின்னலென ஓடுபவன். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கூலி வேலை தேடி இங்கு வந்த குடும்பம். போட்டிக்கு வயதை நிறுவும் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அவனிடம் அது இல்லை. லயத்தில் பிறந்தவன், பதிவு செய்யப்படவேயில்லை.

அங்கே தோலின் நிறம். இங்கே ஒரு காகிதம். இரண்டும் ஒன்றென்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அந்தக் காகிதம் யாருடைய வீட்டில் இல்லாமற் போகிறது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையக உழைப்பாளரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. மூன்று தலைமுறையாக எந்த அலுவலகமும் தன்னுடையவரென ஏற்காத மனிதர், பிள்ளை பிறந்ததும் பதிவாளரைத் தேடி ஓடவில்லையென்று குறை கூறும் உரிமை நமக்கு உண்டா?

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அணித்தலைவன் என்னிடம் வந்தான். “அவன் இல்லாமல் நாங்களும் போகவில்லை, சேர்,” என்று சிங்களத்திற் சொன்னான். பின்னால் மற்றவர்கள் நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோவைப் பற்றிக் கேள்விப்பட்டிராத பிள்ளைகள்! நான் என்ன செய்தேன்? விதி விதிதான், கிடைத்த வாய்ப்பை வீணாக்காதீர்கள் என்று அரைமணி நேரம் உபதேசித்தேன். தமிழ்ப் பிள்ளை ஒருவனுக்காகத் தமிழாசிரியன் அணியையே நிறுத்திவிட்டான் என்ற பேச்சு எழுமே என்று அஞ்சினேன். நடத்துவோர்க்கு ஒரு கடிதம் எழுதி அவகாசம் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. மறுநாட் காலை, பந்துகளுக்குக் காற்றடித்துப் பையிற் கட்டி வண்டியில் ஏற்றித் தந்தவன் அவன்தான்.

சென்ற வாரம் வகுப்பில் 1951இன் கதையைச் சொன்னேன். “அவர்களுக்குக் கோப்பை கிடைத்ததா, சேர்?” என்று ஒருவன் கேட்டான். இல்லையென்றேன். அணித்தலைவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினான்.

திங்கட்கிழமை அவன் தோழனின் தந்தையும் நானும் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம். காலந்தாழ்த்திய பதிவுக்குச் சாட்சி வேண்டுமாம். பேறு பார்த்த கிழவி இன்னும் அதே லயத்தில் இருப்பதாகக் கேள்வி. ஞாயிறன்று முதலில் அவளைத் தேடித் தோட்டத்துக்குப் போகவேண்டும்.