மரையில் தொடங்கும் கசிவு

சென்னையில் அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் போன்ற பகுதிகளில் 1970களிலும் 1980களிலும் கட்டிய வீடுகள் பலவற்றின் சுவருக்குள் இன்னமும் ஜி.ஐ. குழாய்தான் ஓடுகிறது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அவற்றை வெட்டி எடுத்து மாற்றும் வேலையைக் குளியலறை வாசல்களில் நின்று கவனித்ததில், பிளம்பர்களின் பேச்சில் மற்ற எல்லாச் சொற்களையும்விட அதிகமாக வருவது, குழாய் முனையில் வெட்டும் திருகுப்புரியைக் குறிக்கும் ‘மரை’ என்ற சொல் என்று கண்டேன். ‘மரை போச்சு’, ‘மரை பிடிக்கல’, ‘மரை உள்ளேயே ஒடிஞ்சிடுச்சு சார்’. வீட்டுக்காரர் கேட்பதோ ஒரே கேள்வி: ‘எங்கே லீக்?’ இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். வீட்டுக்காரர் தேடுவது ஓர் இடத்தை; பிளம்பர் சொல்வது ஒரு குழாய்வழி முழுவதன் வயதை. அவர் சொல்வதே சரி என்பதற்கு இரும்பிலேயே சான்று இருக்கிறது. அப்படியிருந்தும் அவருடைய தீர்ப்புக்கு நாம் கூலி தருவதில்லை, அடைத்துக் கொடுத்தால் மட்டும் தருகிறோம். வீட்டுக் குழாய்கள் கெட்டுக்கொண்டே போவதற்குத் துருவைப் போலவே இந்தக் கூலிமுறையும் காரணம்.

முதலில் இரும்பு. ஜி.ஐ. குழாய்க்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1239. அதில் மூன்று தடிமன்கள் உண்டு. கடைக்காரர்கள் ஏ, பி, சி கிளாஸ் என்பார்கள். மஞ்சள் பட்டை போட்டது மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. அரை இஞ்ச் குழாயில் சுவர்த்தடிமன் முறையே 2, 2.6, 3.2 மில்லிமீட்டர். இந்தக் குழாயை எல்போவுடனோ டீயுடனோ இணைக்க முனையில் மரை வெட்ட வேண்டும். அரை இஞ்ச் குழாய்க்கு ஓர் அங்குலத்தில் 14 மரை. ஒவ்வொரு மரையின் ஆழமும் ஏறக்குறைய 1.16 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீலப் பட்டைக் குழாயில் மரையின் அடியில் மிஞ்சுவது 1.4 மில்லிமீட்டர் இரும்பு. மஞ்சள் பட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதோடு, டையைச் சுற்றி மரை வெட்டும்போதே அங்கிருந்த துத்தநாகப் பூச்சும் சுருள் சுருளாக உரிந்து விழுந்துவிடுகிறது. குழாயிலேயே மிக மெல்லிய இடமும் காப்பே இல்லாத இடமும் ஒன்றாகிவிடுகின்றன. சணலைச் சுற்றி ஒயிட் லெட் பூசி முறுக்கிய பழைய இணைப்புகள் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தது அந்தக் காலத்துக் கைகளின் சிறப்பு. ஆனால் ஒரு வீட்டின் மரைகள் எல்லாமே ஒரே மாதத்தில், ஒரே டையால் வெட்டப்பட்டவை; ஒரே தண்ணீரில் ஊறியவை. ஒன்று போய்விட்டது என்றால் மற்றவையும் அதே வயதை எட்டிவிட்டன என்றுதான் பொருள்.

வெட்டி எடுத்த துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வெளியே சாம்பல் நிறம் மாறாமல் நல்ல குழாய் போலவே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் செம்பழுப்புத் திட்டுகள் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து கிடக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் பொருள். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் அதன்மேல் சுண்ணாம்பையும் படியவைக்கிறது. 16 மில்லிமீட்டர் உள்விட்டம் 8 ஆகக் குறைந்தால் துவாரத்தின் பரப்பு நான்கில் ஒன்றாகும். உராய்வும் சேர்வதால், அதே அழுத்தத்தில் வரும் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு உயரம்தான் விசை. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. மேல்மாடிக் குளியலறைக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று மீட்டர்தான். ஆகவே துரு அடைக்கத் தொடங்கியதும் முதலில் தவிப்பது மேல்வீடு. பலர் இந்த இடத்தில் பிரஷர் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். நாற்பது வயது மரைகளின் மேல் அவை ஒருநாளும் அறியாத அழுத்தத்தை ஏற்றினால் என்னவாகும் என்பதை அந்தச் சுவர்களே சில மாதங்களில் சொல்லிவிடுகின்றன.

சரி, கசியும் துண்டை மட்டும் மாற்றினால் போதாதா? வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கும் எவருக்கும் இதற்கான விடை அரைமணி நேரத்தில் கிடைத்துவிடும். துருப்பிடித்த எல்போவைக் கழற்ற ரிஞ்சைப் போட்டு முறுக்கினால், அந்த முறுக்கு அங்கேயே நிற்பதில்லை. சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாத அடுத்த இணைப்புக்கும் போகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு ரிஞ்சால் பின்குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் முறுக்குகிறார்கள். அப்படியும் மரை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டால் ஆக்ஸா பிளேடால் கீறி, சிற்றுளியால் செதில் செதிலாகப் பெயர்க்க வேண்டும். பார்ப்பவருக்கே மூச்சு முட்டும் வேலை அது. இவ்வளவுக்குப் பிறகு போடும் புதுத் துண்டும் ஜி.ஐ.யாக இருந்தால் கதை முடிவதில்லை. பழைய துருப்பிடித்த இரும்போடு புதிய பளபளப்பான இரும்பைச் சேர்த்துத் தண்ணீரில் வைத்தால், மின்வேதியியல் விதிப்படி முதலில் அரிபடுவது புதியதுதான். போன வருஷம் போட்ட துண்டு அதற்குள் போய்விட்டதே என்று பிளம்பரைத் திட்டும் வீடுகளில் அநேகமாக நடந்தது இதுவே.

அடைப்பதைவிட அறிவது கடினம். பிளம்பர் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் அவருடைய தொழிலின் உயரம் தெரியும். ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைவா, குளியலறை முழுவதுமா, சமையலறையிலும் சேர்த்தா? ஒன்றில் மட்டும் என்றால் முனையிலுள்ள வலையிலோ ஆங்கிள் வால்விலோ மண் அடைத்திருக்கும். குளியலறை முழுவதும் என்றால் கிளைக்குழாய். வீடு முழுவதும் என்றால் தொட்டியிலிருந்து இறங்கும் பிரதான குழாய், அல்லது அதன் கேட் வால்வின் உள்தகடு தண்டிலிருந்து கழன்று விழுந்து வழியை மறித்திருக்கலாம். காலையில் திறந்ததும் சில விநாடி மட்டும் செந்நீர் வந்து தெளிந்துவிடுகிறதா, தெளியாமல் வந்துகொண்டே இருக்கிறதா? முதலாவது இரவெல்லாம் கிளைக்குழாயில் தேங்கிய துரு. இரண்டாவது தொட்டியையோ கிணற்றையோ காட்டுகிறது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் எப்போதும் இருக்கிறதா, குளித்த பிறகு மட்டுமா? எப்போதும் என்றால் நீர்வரத்துக் குழாய். குளித்த பிறகு என்றால் தரை வடிகாலின் நஹானி ட்ராப்பைச் சுற்றிய இணைப்பு. தண்ணீரில் சொட்டு நீலத்தைக் கலந்து தரையில் ஊற்றி, கீழே நீலம் தெரிகிறதா என்று பார்த்தாலே பாதிச் சண்டை தீரும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் உளியை எடுத்தவர் உடைத்த சுவர்களையும் பார்த்தேன். தவறான இடத்தில் வெட்டிய ஒரு காடிக்கு ஆகும் கொத்தனார் கூலி, டைல்ஸ், பெயின்ட் செலவில் சரியாகக் கண்டறிந்து சொல்பவருக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கலாம்.

ஆனால் அப்படிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. புதுக் கட்டடத்தில் பிளம்பிங் வேலைக்கு, ஒரு குழாய் முனைக்கு இவ்வளவு என்ற பாயின்ட் கணக்கு, அல்லது ஒரு பாத்ரூமுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம். பழுதுவேலைக்கு ஒரு தடவை வந்து போனதற்கான கூலி. இரண்டிலும் பார்த்து யோசித்த நேரத்துக்கு இடமில்லை. வந்து, பார்த்து, ‘இதில் இன்று கைவைக்க வேண்டாம், முழு வழியையும் மாற்றத் திட்டமிடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்குப் பெட்ரோல் காசுகூடத் தேறுவதில்லை. எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுப் போகிறவருக்கு உடனே பணம் கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் கிடைக்கிறது. நேர்மையான தீர்ப்புக்கு நஷ்டமும் ஒட்டுவேலைக்கு வருமானமும் வைத்திருக்கும் முறையை நடத்துவது நாம்தான்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. முழுவதையும் மாற்று என்று சொல்வதில் பிளம்பருக்கு லாபம் இருக்கிறதே, அவர் தீர்ப்பை எப்படி நம்புவது? பல வீடுகளில் கேட்ட சந்தேகம் இது. அதை நான் தள்ளிவிடவில்லை. கண்டறிவதற்கு என்று தனியாகக் கூலி கொடுத்துவிட்டால், அவர் வேலையைப் பெரிதாக்கித்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடும் என்பது என் முதல் பதில். இரண்டாவது, அந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்கலாம். வெட்டிய ஓர் அடித் துண்டை நெடுக்காகப் பிளந்து காட்டச் சொல்லுங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து விடியற்காலை பாருங்கள். இருபது சொட்டு ஒரு மில்லி என்று கொண்டால், விநாடிக்கு ஒரு சொட்டு ஒரு நாளில் நாலு லிட்டருக்கும் மேல். பத்து இடங்களில் அப்படிக் கசிந்தால் நாற்பது. நகரவாசி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊருக்கு இந்த நாற்பது லிட்டரின் எடை தெரியும்.

பிளாஸ்டிக் குழாய் இரும்புக்கு ஈடாகுமா என்பது அடுத்த மறுப்பு. பெரியவர்கள் இதைச் சொல்லும்போது அதில் உண்மை இருக்கிறது. அடி தாங்குவதில் ஜி.ஐ.க்கு நிகரில்லை. இப்போது சுவருக்குள் போவது பெரும்பாலும் சி.பி.வி.சி. அது துருப்பிடிக்காது, வெந்நீரையும் தாங்கும். ஆனால் வெயில் ஆகாது. மொட்டைமாடியில் பூச்சில்லாமல் விட்டால் நொறுங்கும். சூட்டில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கும் மேல் நீளும். பத்து மீட்டர்க் குழாய் முப்பது டிகிரி சூடேறினால் இரண்டு சென்டிமீட்டர் நீளுகிறது. அந்த நீட்சிக்கு இடம் விடாமல் சிமென்டால் இறுக்கினால் விரிசல் விடும். உடல்நலக் கவலையும் வீண்கவலை அன்று. பி.வி.சி. குழாய்களில் நிலைப்படுத்தியாக ஈயம் சேர்ப்பதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல் விதிகளே கொண்டுவந்தது. தர முத்திரை இல்லாத மலிவுக் குழாயை வாங்கக் கூடாது என்பதற்கு அதுவே போதிய காரணம். ஆக, பிளாஸ்டிக்கின் குறைகள் எல்லாம் போடும் விதத்தையும் வாங்கும் தரத்தையும் சார்ந்தவை. ஜி.ஐ.யின் குறையோ அதன் மரையிலேயே இருக்கிறது.

போடும் விதம் என்றேனே, அங்கேயும் நம் அவசரமே குறுக்கே வருகிறது. குழாயை நேராக வெட்ட வேண்டும், பிசிறு நீக்க வேண்டும், ஈரம் துளியும் இருக்கக் கூடாது, சால்வென்ட் பூசிச் செருகி ஒரு கால் சுற்றுத் திருப்பி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அது இறுக நேரம் விட வேண்டும். ‘சாயங்காலம் தண்ணி வந்துடுமா?’ என்று காலை பத்து மணிக்கே கேட்கும் வீட்டில் இந்த நேரம் கிடைப்பதில்லை. அந்தச் சால்வென்டின் நெடி, ஜன்னல் சரியாகத் திறக்காத நாலடிக் குளியலறையில் நாள் முழுவதும் குந்தியிருப்பவரின் தலைக்கு ஏறுகிறது. பழைய வீடுகளின் கழிவுநீர், மழைநீர்க் குழாய்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டும் உண்டு. கிரைண்டரால் அதை அறுக்கும்போது எழும் தூசியைக் கைக்குட்டை மட்டும் கட்டியவர் சுவாசிக்கிறார். அதை நனைத்து, கையால் அறுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. இதில் மட்டும் இரண்டாவது கருத்துக்கு இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை.

பயிற்சியும் சான்றிதழும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.களில் ஓராண்டு பிளம்பர் பயிற்சி உண்டு. அது பெருக வேண்டும். ஆனால் நாடு முழுவதும் பெரிய கட்டடங்களில் வேலை செய்யும் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்கள் தலைமுறைகளாக இத்தொழிலைக் கற்றது பெரும்பாலும் மூத்தவரிடம் கையாளாக நின்றுதான். நம் ஊர்ப் பழுதுவேலைக்காரர்களும் அப்படியே. அறிவு இங்கே இருக்கிறது, அதற்கான விலைதான் இல்லை.

கண்ணில் படாத இன்னொரு துண்டைப் பற்றி இவர்கள் அடிக்கடி எச்சரிக்கிறார்கள்: தெருக் குழாயிலிருந்து வீட்டுச் சம்ப் வரை மண்ணுக்குள் வரும் இணைப்பு. சென்னையில் தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. வராத நேரத்தில் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் இல்லை. அடிபம்பால் உறிஞ்சும்போதோ, சட்டத்துக்குப் புறம்பாக மோட்டாரை நேரே மாட்டி இழுக்கும்போதோ, அதன் துருத்துளைகள் வழியாகச் சுற்றியுள்ள ஈரமும் சேர்ந்து உள்ளே வருகிறது. பக்கத்தில் கழிவுநீர்க் கால்வாய் இருந்தால் என்ன வரும் என்று விளக்க வேண்டியதில்லை. சுவர்க் குழாயின் கசிவு பணத்தைத் தின்கிறது. இது பிள்ளைகளின் வயிற்றைக் கெடுக்கிறது. முழுவதையும் மாற்றப் பணமில்லை என்பவர்கள் இந்த இணைப்பிலிருந்து தொடங்கட்டும் என்பேன். அடுத்து தொட்டியிலிருந்து இறங்கும் பொதுக்குழாய், பிறகு ஒவ்வொரு குளியலறையாக. வாடகை வீட்டில் இது இன்னும் சிக்கல்; சுவர் உரிமையாளருடையது, செந்நீரில் குளிப்பவர் வேறொருவர். அடுக்குமாடியில் இறங்குகுழாய் எல்லாருக்கும் பொது என்பதால் ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடுகிறது. இதற்கு எளிய வழி எதுவும் எனக்குப் புலப்படவில்லை. பராமரிப்பு நிதியில் குழாய்க்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கும் சங்கங்கள், கசிவு வந்தபின் கூடிச் சண்டை போடாமல் தப்பிக்கின்றன.

வேலை முடிந்த வீடுகளில் நல்ல பிளம்பர்கள் கடைசியாக இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். முனைகளையெல்லாம் டம்மி போட்டு மூடி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் நிற்கும் இடத்தைச் சுவரில் பென்சிலால் எழுதிவிட்டு அப்படியே விடுகிறார்கள். முள் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். அவர் காடியைப் பூசி மூடுமுன் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் டேப்பை விரித்துப் பிடித்து, செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புகிறார்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று அதில் தெரியும். இந்த இரண்டுக்கும் பாயின்ட் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.