கடோற்கசன் பறந்த கதை

சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் விமானம் எமது பாடசாலைக்கு மேலாக இறங்கும்போது மாணவர் பாடத்தை மறந்துவிடுவர். அண்மையில் ஒரு பிற்பகல், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், இந்தப் பிளேன் இந்தியாவிலயோ செய்தது?" என்று வினவினான். இல்லை, பிரான்சும் இத்தாலியும் கூடிச் செய்தது என்றோம். "அப்ப எங்களைப் போல நாடுகள் பிளேன் செய்யேலாதோ?" என்றான். தமிழ் கற்பிக்கும் எமக்கு உடனே விடை வரவில்லை. தேடிப் படித்தபின் அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறோம்.

பாண்டுங் என்ற பெயர் முற்போக்காளருக்குப் புதியதன்று. 1955 இல் ஆசிய ஆபிரிக்க நாடுகள் கூடிய நகரம் அது. அம்மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அதே நகரில் 1976 இல் இந்தோனேசிய அரசு விமானத் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. ஜேர்மனியிற் கற்று, அங்கேயே விமானத்துறையிற் பணியாற்றித் திரும்பிய ஹபீபி அதற்குத் தலைமை தாங்கினார். முதலில் ஸ்பெயினின் காசா நிறுவனத்து விமானத்தை உரிமம் பெற்றுச் செய்தனர். பின்னர் அந்நிறுவனத்துடன் கூடி சீ.என். 235 விமானத்தை வடிவமைத்தனர். இறுதியில், ஏறத்தாழ ஐம்பது பேர் செல்லக்கூடிய என். 250 விமானத்தைத் தாமே வடிவமைத்தனர். 1995 ஆகஸ்ட் 10 ஆம் திகதி அது வானிலேறியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் கடோற்கசன். நாம் பாரதக் கதையில் அறிந்த வீமன் மகன், சாவகத்து நிழற்கூத்தில் வானிற் பறக்கும் வீரன்.

ஆயினும் பறப்பது வேறு, விற்பது வேறு. பயணிகள் விமானமொன்று பிறநாடுகளில் விலைபோக வேண்டுமாயின், அது பாதுகாப்பானதென அந்நாட்டு அதிகாரிகள் சான்று வழங்க வேண்டும். அதற்குப் பல்லாண்டுப் பரிசோதனைகள் தேவை. அத்தனை காலமும் விற்பனையால் ஒரு சதமும் வராது; செலவோ நிற்காது. எஞ்சினும் அந்நிய நாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. உதிரிப் பாகங்களும் திருத்துவோரும் வேண்டிய இடத்திற் கிடைப்பர் என்ற உறுதியின்றி எவரும் புதிய விமானத்தை வாங்கத் துணியார்.

1997 இல் ஆசிய நாணயங்கள் சரிந்தன. 1998 ஜனவரியிற் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்படிக்கையில், விமானத் திட்டங்களுக்கு அரசு பணம் வழங்குவதை நிறுத்துவதும் ஒரு நிபந்தனை. சான்று கிட்டுமுன்னரே என். 250 நின்றுபோயிற்று. ஒரு காலத்தில் ஏறக்குறைய 16,000 பேர் உழைத்த ஆலையிற் பல்லாயிரவர் வேலை இழந்தனர். பொறியியலாளர் பலர் பிறநாட்டு ஆலைகளுக்குச் சென்றனர். கடோற்கசன் 2020 இல் யோக்யகார்த்தா நூதனசாலையைச் சேர்ந்தான்.

பழி முழுவதையும் நிதியத்தின்மேற் சுமத்திவிட்டால் எமது மனம் ஆறும். ஆனால் உண்மை அத்துடன் முடிவதில்லை. 1994 இல், அழிந்த காடுகளை மீள வளர்ப்பதற்கென இருந்த நிதியிலிருந்து 40,000 கோடி ரூபியாவைச் சுகார்த்தோ ஓர் ஆணையால் இத்தொழிற்சாலைக்குத் திருப்பினார். சூழல் பேணும் அமைப்புகள் வழக்குத் தொடுத்தும் பயனில்லை. மக்களைக் கேளாது வளர்த்த ஒன்றை, இடர் வந்தகாலை மக்கள் தமதென்று எண்ணுவரோ?

ஆலை முற்றாக அழிந்துவிடவில்லை. 2017 இல், 19 பேர் செல்லக்கூடிய என். 219 என்ற சிறு விமானம் அங்கிருந்து பறந்தது. 2020 இல் தன் நாட்டுச் சான்றையும் பெற்றது. பெரிய கனவு குலைந்த பின்னும் தங்கிநின்ற கைத்திறனே இதனைச் சாதித்தது. திறனுள்ளவர் தங்கி நிற்பதுதான் அரிது. எம்மிடம் கற்றுப் பொறியியலாளனான ஒருவன் 2022 நெருக்கடியின்போது கடல் கடந்தான். அவனைக் குறைகூற எமக்கு வாயில்லை. இங்கே அவனுக்கு என்ன வேலை வைத்திருந்தோம்?

ஆதலின் அம்மாணவனுக்கு இவ்வாறு சொன்னோம்: "செய்யலாம், தம்பி. ஆனால் படித்தவன் நின்று வேலைசெய்ய ஒரு பட்டறை வேண்டும். அதை ஒரு முப்பது வருஷம் கைவிடாத நாடு வேண்டும். செலவழித்த காசுக்குக் கணக்குக் கேட்கச் சனங்களுக்கு உரிமை வேண்டும்."

"முப்பது வருஷமோ, சேர்?" என்றான் அவன். அப்பொழுது அவனுக்கு நாற்பத்தாறு வயதாகும். அவன் எந்த நாட்டில் இருப்பான் என்பதே எமது கவலை.