ஹிரோஷிமாவின் நடனமணி

பாலே நடனம் என்றதும் பாரிசும் மாஸ்கோவும் நம் நினைவுக்கு வருகின்றன. ஹிரோஷிமா என்றதும் நினைவில் எழுவது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒன்றுகூடி நிற்கின்றன என்று அறிந்த நாள்முதல், யோக்கோ மொரிஷித்தாவைப் பற்றிய செய்திகளை ஆர்வத்தோடு படித்து வருகிறேன்.

1948ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் அந்நகரில் பிறந்தார். அணுகுண்டு விழுந்து மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. அவருடைய பாட்டியார் அந்த நெருப்பில் உடலின் ஒரு பாகம் வெந்து உயிர் தப்பியவர். கைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஆயினும் கட்டைவிரல் அசைகிறதே, துணி துவைக்க முடிகிறதே என்று அம்மூதாட்டி மனநிறைவு கொண்டாராம். பேத்தி பிற்காலத்தில் இதனைச் சொல்லியிருக்கிறார். விரல் நுனிவரை உணர்ச்சியைக் கொண்டுசெல்ல வேண்டிய கலையை மேற்கொண்ட ஒருவருக்கு, அந்தக் கையைக் காட்டிலும் பெரிய பாடம் எந்தப் பள்ளியில் கிடைத்திருக்கும்?

பிறவியிலேயே நடனத்திற்கு வாய்த்த உடல் அவருடையது என்று எண்ணிவிடலாகாது. நோஞ்சான் குழந்தை, உடற்பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் கூறியதால் மூன்று வயதில் நடன வகுப்பில் சேர்க்கப்பட்டார். பிறர் விரைவில் கற்றுக்கொண்டதைத் தாம் பன்முறை செய்தே கற்றதாக அவரே கூறுவார். மாணவரை ஒரே பார்வையில் தரம் பிரித்துவிடும் ஆசிரியர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஜப்பானில் பாலே அப்பொழுது இளங்கன்று. உருசியாவிலிருந்து வந்த எலியானா பாவ்லோவா போன்றோர் போருக்கு முன்னரே வித்திட்டிருந்தனர். போர் ஓய்ந்த மறு ஆண்டே, 1946 ஆகஸ்டில், இடிபாடுகள் சூழ்ந்த தோக்கியோவில் 'அன்ன ஏரி' முழு நாடகமாக அரங்கேறியது. சோற்றுக்கே அல்லலுற்ற மக்கள் ஆட்டம் காணச் சென்றனர் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

மொரிஷித்தா சிறுமியாகவே தோக்கியோ சென்று பயின்றார். 1971இல் மட்சுயாமா பாலே குழுவில் சேர்ந்தார். 1974இல் பல்கேரியாவின் வர்ணா நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். உடன் ஆடிய தெட்சுத்தாரோ ஷிமிசு பின்னர் அவருடைய கணவரானார். புகழ்பெற்ற ருடால்ப் நூரேயெவ் அவரோடு இணைந்து ஆடினார். 1985இல் இலண்டனின் லாரன்ஸ் ஒலிவியர் விருதும் வந்தது. விருதுகளின் பட்டியல் இன்னும் நீளும், அதனை விட்டுவிடுகிறேன்.

என் உள்ளத்தைத் தொடுவது அவருடைய முதுமையே. பாலே நடனமணிகளுள் பெரும்பாலோர் நாற்பது வயதையொட்டி மேடையை விட்டு விலகிவிடுவர். விரல் நுனியில் உடலின் பாரத்தைத் தாங்கும் கலையன்றோ! மொரிஷித்தாவோ 2021இல் தம் நடன வாழ்வின் எழுபதாம் ஆண்டை எட்டியபொழுதும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்று ஆடினார். இளமையில் தாவிய உயரம் முதுமையில் வாராது. அதனைக் குறையாகக் கூறுவோர் உளர். அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆயினும் எழுபது வயதுப் பெண் பதின்மூன்று வயது ஜூலியட்டாக நிற்கும்போது நாம் காண்பது தாவலை மட்டுமா?

அவ்வயதிலும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. நடனக்கூடத்தின் மரக்கம்பியைப் பற்றி, முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்வதே பாலே பயிற்சியின் தொடக்கம். மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் வகுப்பில் கற்பிப்பதும் அதுதான்.